மூன்றாவது ஓலை

பிளாரன்ஸுக்குத் தலைவலி என்றால் எங்கள் தெருவில் யார் நம்புவார்கள்? அவள் தலைவலியை அடுத்தவர்களுக்குக் கொடுக்கிறவள். திரேஸ்புரம் கரையில் மீன் ஏலம் போகும்போது அவள் வாயைத் திறந்தால் வள்ளக்காரன் பாதி விலையை விழுங்கிவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசுவான். கருவாட்டு வியாபாரம் அவளுக்குக் கொடுத்தது கனத்த குரலும் காய்ப்பேறிய கையும்தான். நோய் என்று அவள் படுத்து யாரும் பார்த்ததில்லை.

சாளையோ வாளையோ, எது மலிவோ அதை வாங்கிக் கடகத்தில் நிரப்பித் தலையில் ஏற்றி வீட்டுக்கு நடப்பாள். முற்றத்தில் உட்கார்ந்து வயிற்றைக் கீறிக் குடலை வழித்து, கல்லுப்பை உள்ளே திணித்து, சிமெண்டுத் தொட்டியில் அடுக்கி, மேலே பாரத்துக்குக் கல்லை வைப்பாள். மறுநாள் அலசி, பழைய வலையை விரித்துக் காயப்போடுவாள். மாதா கோயில் திருவிழா முடிந்த ஆகஸ்ட் மாதம் அது. கச்சான் காற்று மண்ணை வாரி அடித்தது. மீனைத் திருப்பிப் போட்டு மண்ணைத் தட்டியே அவளுக்கு இடுப்பு ஒடிந்தது.

ஒரு நாள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தவள், “சேசுவே!” என்று கத்திக்கொண்டு கடகத்தைத் தரையில் போட்டாள். சாளை மீன் முழுக்க மண். தலையில் துணி பட்டாலே நெருப்புப் பட்ட மாதிரி இருக்கிறது என்றாள். சீப்பு வைக்க முடியவில்லை. தலையணையில் வலது பக்கம் சாய முடியவில்லை. புரோட்டாவை இரண்டு வாய் மென்றால் தாடை நோவெடுத்தது; நிறுத்தினால் விட்டது; மறுபடி மென்றால் மறுபடி பிடித்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

புருஷன் பர்னபாஸ், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல். கரையேறிவிட்ட தண்டலுக்கு வீட்டில் ஒரே வேலை, அதிகாரம் பண்ணுவது.

“காலம்பூரா செமந்த தல நோகாம பூவா பூக்கும்? மகாராஜன் கடையில ஒரு செட்டு வாங்கிப் போடு, சரியாப் போவும்” என்றார்.

செட்டு என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். மெடிக்கலில் போய் நோயின் பேர் சொல்ல வேண்டியதில்லை, நோகிற இடத்தைச் சொன்னால் போதும். மகாராஜன் அண்ணாச்சி ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், மிளகளவில் ஒரு குட்டி மாத்திரை என்று வெட்டியெடுத்துத் தாளில் மடித்துத் தருவார். வலைக்காரன், உப்பளத்துக்காரி, லாரி டிரைவர் எல்லோரும் இந்தச் செட்டில்தான் மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். டீ குடிப்பது போல ஒரு பழக்கம். அதை யாரும் மருந்து என்று நினைப்பதில்லை.

செட்டுப் போட்ட அன்று பிளாரன்ஸின் தலை லேசானது. இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தது. இப்படியே போய், ஒரு மத்தியானம் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தவளுக்கு வலது கண்ணில் கறுப்பாகத் திரை இறங்கி, சற்று நேரத்தில் ஏறியது. அப்போதுதான் மகள் விஜிலா பயந்துபோய் ஆபீசுக்கு லீவு போட்டாள். கண் டாக்டர் பார்த்துவிட்டு, இது கண்ணாடியில் தீருகிற காரியம் இல்லை என்று டாக்டர் ஜோன்ஸிடம் அனுப்பினார்.

விஜிலாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கப்பல் ஏஜென்சியில் கம்ப்யூட்டர் வேலை. முப்பது தாண்டிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு இடம் கூடி வந்தது. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் பாதித் தாலி கட்டின மாதிரி. விஜிலாவுக்கு இரண்டாவது ஓலை வாசித்த வாரம், பர்னபாஸின் தங்கைக்கு மாரில் கட்டி என்று சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். சேதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று. ‘வீட்டோட ஓடுத வியாதியாம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டு அவர்கள் வேறு பெண் பார்த்தார்கள். அந்தத் தங்கையும் செத்துப்போனாள். மூன்றாவது ஞாயிறு வாசிக்க ஓலை இல்லை. விஜிலா அதற்கப்புறம் ஆறு மாதம் வேறு கோயிலுக்குப் பூசைக்குப் போனாள்.

இப்போது வேம்பாரிலிருந்து கிளைட்டன் என்ற பையன் வீட்டில் கேட்டு வந்து, பேசி முடித்து, வருகிற ஞாயிறு முதல் ஓலை. இந்த நேரம் பார்த்துத்தான் பிளாரன்ஸின் தலை இடித்தது.

டாக்டர் ஜோன்ஸ் அவளுடைய நெற்றிப்பொட்டை விரலால் தொட்டார். அவள் பல்லைக் கடித்தாள். அங்கே நரம்பு கயிறு மாதிரி புடைத்துக் கிடந்தது. ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறிவிட்டது.

“பொட்டுல ஓடுத ரத்தக்குழாய் வீங்கியிருக்கும்மா. இதே வீக்கம் கண்ணுக்குப் போற குழாயிலயும் வரும். அது அடைச்சா கண்ணு போயிரும். போன கண்ணு திரும்பாது. புரியுதா?”

“கண்ணாடி போட்டாலுமா?” என்றாள் பிளாரன்ஸ்.

“எதப் போட்டாலும் வராது. இன்னைக்கே ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கணும். ஒங்களுக்குச் சுகர் இருக்கு, ஒரு வருசத்துக்கு மேல சாப்பிட வேண்டிய மாத்திரை, அதனால நோயை உறுதியும் பண்ணிக்கணும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பொட்டுல மரக்க ஊசி போட்டு அந்தக் குழாயில ஒரு சின்னத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறது. இன்னொண்ணு, ஸ்கேன். வயித்துக்கு எடுப்பாங்களே, அதே மாதிரி, பொட்டுல வச்சுப் பாக்கிறது.”

“ஸ்கேனே எடுத்துருவோம் டாக்டர்” என்றார் பர்னபாஸ், டாக்டர் வாய் மூடுமுன்.

“பொறுங்க. ஸ்கேன் நல்லதுதான், கத்தி வேண்டாம். ஆனா தேர்ந்த ஆள் பாக்கணும். நம்ம ஊர்ல இல்ல, மதுரைக்குப் போகணும். அதுவும் மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாளுக்குள்ள போயிரணும். மாத்திரை வேலை செஞ்சா வீக்கம் வடிஞ்சு ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாது. துண்டு எடுத்தா ரெண்டு வாரம் கழிச்சும் தெரியும். இங்கயே, நாளைக்கே எடுத்துருவேன். நான் அதைத்தான் சொல்லுவேன்.”

“சத எடுத்து டெஸ்டா?” பர்னபாஸ் குரலைத் தாழ்த்தினார்.

“இது கேன்சர் இல்ல அண்ணாச்சி.”

“கேன்சர் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியும் டாக்டர். தெருவுக்குத் தெரியணும்லா?”

டாக்டர் விஜிலா பக்கம் திரும்பினார். “நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்கம்மா.”

விஜிலா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள். “அப்பா சொல்றதுதான்...” என்றாள்.

டாக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். “வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?” என்று பிளாரன்ஸைக் கேட்டார்.

“சுகர் மாத்திரை மட்டுந்தான் சார்.”

பொய் இல்லை. அவள் நினைப்பில் அதுதான் உண்மை.

ஆட்டோவில் வரும்போது விஜிலாவுக்கு மனசு அறுத்தது போலிருக்கிறது. “துண்டே எடுத்துருவமாம்மா? வேளாங்கண்ணிக்கு நேந்திருக்குன்னு சொல்லி மொத்தமா மொட்ட போட்டுட்டா தையல் தெரியாதுல்லா?”

“கூறுகெட்டவளே, பிள்ளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு எந்த ஆத்தாக்காரியாவது மொட்டத் தலையோட நிப்பாளா? தையல் என்ன மண்ணுக்குள்ளயா இருக்கும்? ஏன் மொட்ட, எதுக்கு மொட்டன்னு ஊரே கேக்கும்” என்றாள் பிளாரன்ஸ்.

“அப்ப ஸ்கேனு. ஸ்கேன்லயும் தெரியும்னுதான சொன்னாரு” என்றாள் விஜிலா. கொஞ்ச தூரம் போனபின், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “மூணாவது ஓலை வாசிக்கட்டும்மா. அதுக்குப் பொறவு என்ன டெஸ்டு வேணும்னாலும் எடுப்போம்” என்றாள்.

பிளாரன்ஸ் மகளின் தொடையில் தட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு முடிவானது அவ்வளவுதான்.

மதுரை ஸ்கேன் டாக்டருக்கு அடுத்த வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்தது. பர்னபாஸ் தன் தண்டல் மூளையைப் பிரயோகித்தார். மாத்திரை போட்டால் ஸ்கேனில் தெரியாது என்றுதானே டாக்டர் சொன்னார்? அப்படியென்றால் ஸ்கேன் முடிகிறவரை மாத்திரையை வாங்கவே வேண்டாம். இதைச் சொல்லிவிட்டு டாக்டரையே மடக்கிவிட்ட மாதிரி மீசையைத் தடவினார். மாத்திரையைத் தின்றால் கல்யாணத்துக்குள் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிவிடும் என்று யாரோ சொன்னதும் பிளாரன்ஸுக்குப் பிடித்துக்கொண்டது. சீட்டு மடித்து அலமாரிக்குள் போயிற்று.

ஆனால் தலை இடிக்கிறதே, அதற்கு என்ன செய்வது? மகாராஜன் கடை இருக்கிறது. முதல் ஓலைக்கு உறவுக்காரர்கள் வந்தார்கள், ரவிக்கைத் துணி எடுக்க வேண்டும், வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். காலையில் ஒரு செட்டு, ராத்திரி ஒரு செட்டு. வலி இருந்த இடம் தெரியவில்லை. பொட்டில் புடைத்த நரம்புகூட அமுங்கிவிட்டது.

மதுரையில் இருட்டறையில் படுக்கவைத்து, பசையைத் தடவி, இரண்டு பொட்டிலும் நெடுநேரம் பார்த்தார்கள். ஸ்கேன் டாக்டர் கவனமான ஆள். “ஸ்டீராய்டு ஏதும் ஆரம்பிச்சாச்சா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

“ஒண்ணுகூட போடல சார். எழுதிக் குடுத்தத இன்னும் வாங்கவே இல்ல” என்றார் பர்னபாஸ், பெருமையாக.

“குழாய் நல்லாத்தான் இருக்கு. வீக்கம் தெரியல. ஆனா முடிவை ஒங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க” என்றார் அவர். பின்பாதி பர்னபாஸின் காதில் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே அல்வா வாங்கினார். டாக்டர் ஜோன்ஸின் கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது, “சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாங்கம்மா, கல்யாணம் முடிஞ்சு வாரோம்” என்று சொல்லி வைத்துவிட்டார். ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் வந்தே ஆக வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்தது. வியாதியே இல்லாதவளுக்கு டாக்டர் எதற்கு?

வலியும் இல்லை, ஸ்கேனும் சுத்தம். அப்புறம் செட்டு மட்டும் என்னத்துக்கு என்று பிளாரன்ஸ் அதையும் நிறுத்தினாள். இரண்டாவது ஓலை வாசித்தார்கள். பர்னபாஸ் கோயில் வாசலில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தபோது பிளாரன்ஸுக்கு வலது கண் இல்லை. இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள், ஒன்றுமே தெரியவில்லை. இதெல்லாம் பின்னால் அவளே சொன்னது. வெள்ளி இருந்தாள், சனி இருந்தாள், ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. இடது கண்ணாலேயே மீனைத் திருப்பினாள், குழம்பு வைத்தாள். சனிக்கிழமை வேம்பாரிலிருந்து கிளைட்டனின் அம்மா ஏஞ்சலின் வந்தபோது எதிரே உட்கார்ந்து காப்பி கொடுத்துச் சிரித்துப் பேசினாள். அட பாவி மகளே, ஒரு வாய் சொல்லியிருக்கக் கூடாதா! ‘இன்னும் ஒரு ஓலைதான’ என்று நினைத்தாளாம். போன கண் போயிற்று, இன்னொன்று இருக்கிறதே என்று நினைத்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை. விஜிலா முக்காட்டுக்குள் அழுதாள். பிளாரன்ஸ் ‘இனி சாவலாம்’ என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை பர்னபாஸ் பல் துலக்கிக்கொண்டு குசினிப் பக்கம் வந்தார். பிளாரன்ஸ் முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து வாளை மீனைக் கீறிக்கொண்டிருந்தாள். சட்டித் தண்ணீர் சிவப்பாக இருந்தது. வாளையில் இவ்வளவு ரத்தம் ஏது என்று குனிந்து பார்த்தால், அவளுடைய இடது கை விரல்கள் மூன்று எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தன. கல்லுப்பு வேறு அதில் ஒட்டியிருந்தது.

“ஏளா! என்ன செய்த நீ? கண்ணு தெரியலயா?”

“தெரியல” என்றாள். “ரெண்டும் தெரியல. பழகுன வேலதான, கண்ணு இல்லாம செய்ய வருதான்னு பாத்தேன். வரமாட்டேங்குது.” அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. பர்னபாஸ்தான் பிடுங்கி எறிந்தார்.

டாக்டர் ஜோன்ஸ் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வலது கண்ணு என்னைக்குப் போச்சு?”

“வெள்ளிக்கிழம சார்.”

“வெள்ளிக்கிழமையே ஏன் வரல? அன்னைக்கு ஊசி போட்டிருந்தா இடது கண்ணு நின்னுருக்குமேம்மா!”

டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “இது எப்படிச் சுத்தமா வந்துச்சு? நிசமாவே வேற மாத்திரை ஒண்ணும் போடலயா?”

“மாத்திர ஒண்ணும் போடல சார்” என்றாள் பிளாரன்ஸ். “செட்டு மட்டுந்தான்.”

டாக்டர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த மிளகளவுக் குட்டி மாத்திரையும் ஸ்டீராய்டுதான் என்று மெதுவாகச் சொன்னார். ஸ்கேனில் வீக்கத்தை மறைக்கிற அளவுக்கு அது போதும், கண்ணைக் காப்பாற்றுகிற அளவுக்குப் போதாது, அதையும் சட்டென்று நிறுத்தியதில் நோய் திரும்பப் பாய்ந்துவிட்டது என்றார். பர்னபாஸுக்குப் புரிய இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. விஜிலாவுக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது. அவள் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஊசி ஏற்றினார்கள். கண் வருவதற்கில்லை, மற்ற குழாய்களும் மூளையும் கெடாமல் இருக்க. அதோடு, இனி வருஷக்கணக்கில் மாத்திரை தின்ன வேண்டியவள் என்பதால் நோயை உறுதி செய்ய, பொட்டு மயிரை மழித்து ஒரு துண்டும் எடுத்தார்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இரண்டு தையல். “இம்புட்டுத்தானா?” என்று கேட்டாளாம் பிளாரன்ஸ். “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு, இம்புட்டுத்தானா?” டெஸ்டில் டாக்டர் சொன்ன நோய்தான் வந்தது.

பர்னபாஸ் மகாராஜன் கடைக்குச் சண்டைக்குப் போனார். தெருவே பின்னால் போயிற்று.

“ஏலே, எம் பொண்டாட்டி கண்ணப் புடுங்கிட்டியேலே!”

மகாராஜன் கல்லாவை விட்டு இறங்கவில்லை. “அண்ணாச்சி, நானா கூப்பிட்டுக் குடுத்தேன்? நோவுன்னு வந்தாவ, நோவு போச்சா இல்லையா? பெரிய டாக்டரு எழுதுனத வாங்காம வீட்டுல பூட்டி வச்சது யாரு? அதையும் எங் கடையிலதான வாங்கியிருக்கணும்?” என்றார்.

பர்னபாஸ் வந்த வழியே திரும்பினார். அதற்கு மறுவாரம் அவரே அந்தக் கடையில் முட்டு வலிக்குச் செட்டு வாங்கிப் போனதை நான் பார்த்தேன். முட்டு வலி என்ன, மானம் பார்த்தா வருகிறது?

கல்யாணம் நடந்தது. மூன்று ஓலையும் வாசித்தாயிற்றே, நடக்காமல் என்ன? பிளாரன்ஸை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். வெட்டுப்பட்ட கையில் கட்டு, பொட்டில் பிளாஸ்திரி. முந்தானையை எவ்வளவு இழுத்து மூடியும் மழித்த இடம் வெளியே தெரிந்தது. ‘புத்துநோய்’ என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இரண்டு கண்ணும் போனவளுக்கு மேலே ஒரு வியாதியைக் கட்டிவிட ஊருக்கே சலிப்பாக இருந்திருக்கும்.

தாலி கட்டி முடிந்து, மண்டபத்தில் பந்தி நடந்தது. பிரியாணி வாசத்தில் ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு இடம் பிடித்தார்கள். ஏஞ்சலின் வந்து பிளாரன்ஸ் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நல்ல மனுஷி, மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிற வேம்பார்க்காரி.

“சனிக்கெழம ஒங்க முன்னால இருந்து காப்பி குடிச்சேனே மைனி. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“என்னன்னு சொல்ல? சத எடுத்து டெஸ்டுன்னு சொன்னா நீங்க என்ன நெனப்பீய?”

“என்னத்த நெனப்பேன்? எனக்கே மூணு வருசத்துக்கு முன்ன கர்ப்பப்பையில சத எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிச்சாவ. ஒண்ணும் இல்லன்னு வந்திச்சு. எங்க தெருவுக்கே தெரியும்.” ஏஞ்சலின் தன் துவாலையால் பிளாரன்ஸின் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள். “ஒங்க நாத்தனா சேதியும் எங்களுக்கு மொதல்லயே தெரியும் மைனி. அதுக்காவ ஒரு பிள்ளைய இப்பிடி ஒதுக்கி விட்டுட்டானுவளேன்னுதான் நாங்க கேட்டே வந்தோம். கிளைட்டன்தான் சொன்னான், அந்த வீட்டுலயே பாருங்கன்னு.”

பிளாரன்ஸின் வாய் எதையோ மெல்லுவது போல அசைந்தது. பிறகு கட்டுப் போடாத கையை நீட்டித் துழாவி, ஏஞ்சலினின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மைனி, ஒங்க கால்ல விழுதேன். நீங்க இப்ப சொன்னத விஜிலாட்ட மட்டும் சொல்லிராதீய. எங் கண்ணு வீணாப் போச்சுன்னு தெரிஞ்சா எம் பிள்ள தாங்க மாட்டா.”

ஏஞ்சலின் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணச் சேலையும் முக்காடுமாக, அம்மாவுக்குப் பிசைந்து ஊட்டப் பிரியாணித் தட்டோடு வந்த விஜிலா எதிரே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

“சொல்லிராதீய, என்ன?” என்று மறுபடியும் கேட்டாள் பிளாரன்ஸ், மகளின் முகத்துக்கு நேரே.